பேய்க்கணவாய்த் தொப்பியில் கட்டிய அட்டை

பாண் வாங்கப் போன பேக்கரியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

அவளை எனக்கு முன்பின் தெரியாது. வாடைக் காற்று வீசுகிற மாதங்களில் எங்கள் கற்பிட்டிக் கரைக்குப் பலகையில் நின்றபடி பட்டம் இழுக்கக் கடலில் ஓட வருகிறவர்களில் ஒருத்தி. வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. கடைக்குள் நின்ற என்னை இரண்டு தரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அந்தத் தொப்பி செய்கிறவர் நீங்கள்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஓம், நான்தான் என்று சிரித்தேன். உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த நொடி அவளுடைய இரண்டு கைகளும் என் கழுத்தைச் சுற்றியிருந்தன.

"உங்கள் கணவரை நினைத்தால் என்னால் தாங்க முடியவில்லை" என்றாள்.

என் மாப்பிள்ளை, எங்கள் ஊரில் கணவரை அப்படித்தான் சொல்வோம், கடல் தொழில் செய்கிறவர். வெளிநாட்டு ஆட்கள் வருகிற காலத்தில் அவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் டொல்பின் காட்டுவார். அன்றைக்கும் விடியவே ஐந்து பேரோடு போயிருந்தார். கடலுக்குப் போனவரைப் பற்றி ஒருத்தி கண்ணீரோடு வந்து இப்படிச் சொன்னால் கரையில் நிற்கிற மனுசி என்ன நினைப்பாள்? கையிலிருந்த பாண் கீழே விழுந்தது. "என்ன நடந்தது? எங்கே? யார் சொன்னது?" என்று அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் பயந்து பின்னால் போனாள். நான் போனை எடுத்து அவருக்கு அடித்தேன். இரண்டு தரம் மணி போய் நின்றது. மூன்றாம் தரம்தான் எடுத்தார்.

"என்ன புள்ள?"

"எங்க நிக்கிறீங்க?"

"கரையில. இப்பதான் ஆக்கள இறக்கினேன். ஏன், என்ன?"

"ஒண்டுமில்ல" என்று வைத்துவிட்டேன்.

அந்தப் பெண் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று விளங்கிக்கொண்டு தன் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். உள்ளங்கை அளவு, கெட்டியான மண்ணிற அட்டை. மூலையில் ஒரு துளை, அதில் ஒரு சணல் கயிறு. ஒரு பக்கத்தில் என்னுடைய படம். தலைமுக்காட்டுக்கு மேலே நான் பின்னிய எட்டுக்கால் பேய்க்கணவாய்த் தொப்பியைப் போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறேன். மற்றப் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அதை நான் அந்தக் கடையின் சீமெந்துப் படியில் உட்கார்ந்து வாசித்தேன். இந்தப் பெண்ணின் கணவரைக் கடல் கொண்டுபோய்விட்டது. உடல் கிடைக்கவே இல்லை. இன்றும் ஒவ்வொரு காலையிலும் அவருக்கென்று ஒரு கோப்பை தேநீர் ஊற்றி வைக்கிறாள். அது ஆறியதும் ஊசியை எடுத்துப் பின்னத் தொடங்குகிறாள். அவளுடைய புன்னகைக்குப் பின்னால் ஒரு சமுத்திரத்தின் சோகம் இருக்கிறது. நீங்கள் வாங்கும் ஒவ்வொரு தொப்பியும் அவளுடைய பிள்ளைகளின் ஒரு வேளைச் சாப்பாடு.

சமுத்திரத்தின் சோகமாம். அந்தப் படம் எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொப்பியின் ஒரு கால் என் மூக்கில் உரசித் தும்மல் வந்தது, அதற்குச் சிரித்தேன்.

ஆனால் அந்தத் தேத்தண்ணிக் கதையை வாசித்த இடத்தில் நின்று திரும்ப ஒரு தரம் வாசித்தேன். ஏனென்றால் அது முழுப் பொய் இல்லை. அது நடந்த கதை. என் வீட்டில் நடந்ததல்ல, என் வீட்டுக்குப் பின்வளவில் இருக்கிற ராத்தாவின் வீட்டில். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். கூடப் பிறந்தவ இல்லை, ஆனால் அப்படித்தான் பழகினோம். அந்தக் கதையை அட்டை எழுதினவளின் காதில் போட்டது யார் என்றும் எனக்கு அந்தப் படியிலேயே தெரிந்துவிட்டது. நான்தான் போட்டேன்.

நான் குரோசே பழகியது கொரோனா ஊரடங்கில். வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்த நாட்களில் போனில் பார்த்துப் பார்த்து முதலில் என் மாப்பிள்ளைக்கு ஒரு தொழுகைத் தொப்பி பின்னினேன். கொக்கி ஊசி ஒன்றும் வெள்ளை நூல் ஒரு உருண்டையும்தான். நடுவில் ஒரு சின்ன வளையம், அதற்குள் ஆறு கண்ணி, அடுத்த சுற்றில் பன்னிரண்டு, பிறகு பதினெட்டு. இப்படிக் கூட்டிக்கொண்டே போய்த் தலை அளவு வந்ததும் கூட்டுவதை நிறுத்தினால் அது தானாகக் கீழே வளைந்து தொப்பியாகிவிடும். முதல் தொப்பி ஒரு பக்கம் கோணல். அதையும் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்.

ஊரடங்கு முடிந்து ஆட்கள் வரத் தொடங்கியபோது கொழும்பிலிருந்து ஒரு பெண் வந்து, எங்கள் கரையில் ஒரு ஹோட்டலோடு ஒட்டினாற்போல் கைவினைக் கடை திறந்தாள். எல்லாரும் அவளை மிஸ் என்றுதான் சொல்வார்கள். நல்ல சிரிப்பு, நல்ல மரியாதை. தமிழ் வராது. சிங்களமும் ஆங்கிலமும்தான். என் மாப்பிள்ளை தலையிலிருந்த தொப்பியைப் பார்த்துவிட்டுத்தான் அவரோடு எங்கள் வீட்டுக்கே வந்தாள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அவள் என் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, அவர் வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்தவள். அவர் உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரியாது என்று ஒருவரும் எனக்குச் சொல்ல முடியாது.

வெளிநாட்டு ஆட்கள் கரையில் வேசம் போட்டு ஆடுகிற கூத்துகள் நடத்துவார்கள், அதற்கு வேடிக்கையான தொப்பி வேண்டும் என்றாள் மிஸ். நண்டு, சுறா, கடல்குதிரை என்று போனில் படம் காட்டினாள். நான் பேய்க்கணவாயைத் தெரிவு செய்தேன். எட்டுக் கால் இருக்கிறதே, தலையில் போட்டால் எட்டும் முகத்தைச் சுற்றித் தொங்கும், ஆடும். உடம்பு தொழுகைத் தொப்பியின் கணக்குத்தான், உச்சியில் மட்டும் பந்து போல உப்பி இலவம் பஞ்சு அடைத்தது. கால்தான் என்னை ஒரு கிழமை அலைக்கழித்தது. நேராகப் பின்னினால் கயிறு போலத் தொங்கியது, உயிர் இல்லை. கடைசியில் நாற்பது சங்கிலி போட்டு ஒவ்வொரு சங்கிலிக்குள்ளும் மூன்று கண்ணி பின்னிப் பார்த்தேன். நூல் நெருக்குப்பட்டுத் தானாகச் சுருண்டு சுருண்டு முறுக்கிக்கொண்டு வந்தது. கடலில் பிடித்த கணவாயின் கால் எப்படிச் சுருளுமோ அப்படியே. அதை இழுத்துவிட்டால் திரும்பச் சுருளும். நான் அடுப்படியில் தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன்.

அந்தத் தொப்பியைப் பார்த்த மிஸ் கைதட்டினாள். இன்னும் வேண்டும், இன்னும் ஆட்கள் வேண்டும் என்றாள். நான் ஊரில் நாலு பெண்களுக்குப் பழக்கினேன். ராத்தாவும் அதில் ஒருத்தி. என்னைவிடப் பத்து வயது மூத்தவ. ஆனால் கை என்னைவிட நேர்த்தி. அவ பின்னிய காலில் ஒரு கண்ணி பிசகாது.

பிறகு ஒருநாள் மிஸ் எங்கள் ஐந்து பேரையும் கடை விறாந்தையில் உட்காரவைத்து, ஒவ்வொருத்தருடைய கதையும் வேண்டும் என்றாள். போனை மேசையில் வைத்து ஒலிப்பதிவைப் போட்டாள். ஐந்து பேரில் ஆங்கிலமும் சிங்களமும் ஓரளவு ஓடுகிறவள் நான்தான். ஆகவே மற்றவர்கள் சொல்வதை நான் ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல வேண்டும்.

ராத்தாவின் மாப்பிள்ளை பல வருசத்துக்கு முன்னால் கச்சான் காற்றில் கடல் கொந்தளிக்கிற காலத்தில் தொழிலுக்குப் போனவர். படகு மட்டும் உச்சமுனைப் பக்கம் கவிழ்ந்து கிடந்தது. மையித்துக் கிடைக்கவில்லை, உடல் கரை ஒதுங்கவே இல்லை. மையித்து இல்லாமல் எப்படி மவுத்து, செத்துவிட்டார் என்று முடிவு கட்டுவது, இவ இத்தா, விதவை வீட்டுக்குள் இருக்கிற அந்த நாலு மாதம் பத்து நாள், இருக்கத் தொடங்குவது எப்போது என்று ஆம்பிளைகள் கிழமைக் கணக்காகக் கூடிக் கதைத்தார்கள். அதுவரை அவ விதவையா மனைவியா என்று அவவுக்கே தெரியாது. இதை எல்லாம் அவ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னா. நான் மாற்றிச் சொன்னேன். "என் கணவர்" என்றுதான் சொன்னேன், அவ சொன்ன மாதிரியே. அப்படித்தானே சொல்வது?

அதற்குப் பிறகு அவ குரலைத் தாழ்த்தி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னா: "அண்டைக்கு அவரோட சண்ட புடிச்சிட்டு நான் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கல்ல. வெறு வயித்தோட போனாரு. பொறகு மாசக்கணக்கா காலையில ஒரு கோப்பை ஊத்தி வச்சேன். இத அவளுக்குச் சொல்லாத. உனக்குத்தான் சொல்றேன்."

நான் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று என்னை நானே எத்தனை தரம் கேட்டுவிட்டேன். மிஸ்ஸின் கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது. என் ஆங்கிலத்துக்கு ஒருத்தி அழுவதை நான் வாழ்க்கையில் முதல் தரம் பார்க்கிறேன். இன்னும் கொஞ்சம் சொன்னால் இன்னும் கொஞ்சம் அழுவாள் என்று இருந்தது. சண்டையை விட்டுவிட்டேன், தேத்தண்ணியை மட்டும் சொன்னேன். ராத்தாவுக்கு ஆங்கிலம் விளங்காது. நான் ஏதோ சொல்ல மிஸ் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, பாவம் நல்ல மனுசி என்று நினைத்தாவாம். பிறகு படம் எடுக்கக் கூப்பிட்டபோது ராத்தா முகத்தை மூடிக்கொண்டு மாட்டேன் என்றுவிட்டா. நான் தொப்பியை மாட்டிக்கொண்டு நின்றேன்.

கதை அவவுடையது, முகம் என்னுடையது, இரண்டையும் சேர்த்துத் தைத்தது மிஸ்.

அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப நான் மவுத்தா? சோறு போடுவியா மாட்டியா?" என்றார். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கோபம் தலைக்கேறியது. "உங்களக் கடல் கொண்டு போயிட்டெண்டு எழுதி ஊர் முழுக்க வித்திரிக்கிறாள். சிரிப்பு வருதா உங்களுக்கு?" என்று கத்தினேன். கோப்பையை எடுத்துச் சுவரில் எறியக்கூடப் பார்த்தேன்.

அடுத்த நாள் அவருடைய சிரிப்பும் போய்விட்டது. செய்தி கரைக்கு எட்டிவிட்டிருந்தது. மீன்காரர்கள் கூடுகிற வாடிக் கொட்டிலில் ஒருவர், "மவுத்தானவர் வாறாரு, வழி விடுங்க" என்றாராம். இன்னொருவர் பகிடியாக இல்லாமல் உண்மையாகவே, உயிரோடு இருக்கிறவனைக் கடலில் போனவன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், கொஞ்ச நாளைக்கு உன்னோடு படகில் வர எனக்கு மனம் இல்லை என்றிருக்கிறார். அவர் எட்டு வருசம் இவரோடு கடலுக்குப் போனவர். என் மாப்பிள்ளை அன்றைக்கு வந்து வலையை விரித்துவிட்டு, தைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். கடல்காரர்கள் வெளியில் சொல்லாத பயம் ஒன்று அவர்களுக்குள் எப்போதும் இருக்கிறது. அதை ஒரு கடைக்காரி அச்சடித்துக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள்.

ராத்தாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. பின்னேரம் போனேன். அவ முற்றத்தில் உட்கார்ந்து அரைவாசி முடித்த கால் ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தா. அட்டையை நீட்டினேன்.

"உன்ட படம்" என்றா. "வடிவா வந்திரிக்கி. என்ன எழுதிக் கிடக்கு?"

தேத்தண்ணியை விட்டுவிட்டு வாசிக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு தரம் அவவுடைய சொல்லை மாற்றிக் கொடுத்துத்தான் இவ்வளவும் வந்தது. ஆகவே ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். அவவுடைய கை கொக்கி ஊசியோடு அப்படியே நின்றது.

"தேத்தண்ணி எப்படி அங்க போச்சு?"

"நான்தான் சொன்னேன் ராத்தா."

"சொல்லாதே எண்டுதானே சொன்னேன்?"

"ஓம்."

"சண்ட புடிச்சதையும் சொன்னியா?"

"இல்ல. அத விட்டுட்டேன்."

"அப்ப நான் நல்லவளா இரிந்துதான் ஊத்தி வச்சேன் எண்டு நினைச்சிப்பாங்க" என்றா. குரல் உயரவே இல்லை. "என்ட மாப்பிள்ளைய ஒருக்கா கடல் எடுத்திச்சு. இப்ப நீயும் அந்த மிஸ்ஸும் எடுத்திட்டீங்க. அவர்ட பொஞ்சாதியா உன்ட மூஞ்சிய வச்சிட்டீங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவ எழும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா. பின்னிய கால் முற்றத்து மணலில் கிடந்தது.

அன்று இரவு முழுக்க மிஸ்ஸுக்கு என்னென்ன சொல்வது என்று மனத்துக்குள் சிங்களத்தில் அடுக்கிக்கொண்டே கிடந்தேன். காலையில் மாப்பிள்ளையிடம், "உடுப்பு மாத்துங்க, கடைக்குப் போவோம்" என்றேன். அவருக்கு விருப்பமில்லை. "விடு புள்ள, அவள் நாலு படகுக்கு ஆக்கள் அனுப்புறவள்" என்றார். "அனுப்பட்டும். நீங்க உயிரோட இரிக்கிறத அவள் பார்க்கணும்" என்றேன்.

நாங்கள் போகும்போது கடைக்குள் ஏழெட்டு வெளிநாட்டு ஆட்கள் நின்றார்கள். சுவரில் ஆணி அடித்து எங்கள் தொப்பிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தது. ஊதா, மஞ்சள், செம்மஞ்சள். யார் பின்னியது என்றில்லாமல் ஒவ்வொன்றின் காலிலும் என் சிரித்த முகம் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எத்தனை முகம்! யார் யார் வீட்டு அலுமாரிக்குள், எந்தெந்த நாட்டில் நான் இப்போது விதவையாகக் கிடக்கிறேனோ என்று நினைத்தேன்.

மிஸ் எங்களைக் கண்டதும் எழும்பி வந்தாள். என் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிங்களத்தில், வழமையான சிரிப்போடு, "நல்லதாப் போச்சு, நாளைக்கு ஆறு பேர் இருக்கிறார்கள், விடியப் படகு வேண்டும்" என்றாள்.

"நான் மவுத்தாகிட்டேனே மிஸ்" என்றார் அவர். "மவுத்தான ஆள் எப்படிப் படகு ஓட்டுறது?"

அவள் முகம் மாறியது ஒரு நொடிதான். பிறகு என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "கோபப்படாதீர்கள். இது விளம்பரம். இந்த ஆட்கள் தொப்பியை வாங்கவில்லை, கதையைத்தான் வாங்குகிறார்கள். உங்கள் எல்லாருடைய நன்மைக்கும்தான். அதோடு அன்றைக்கு 'என் கணவர்' என்று சொன்னது நீங்கள்தானே? பதிவு என்னிடம் இருக்கிறது."

வாய் கூசாமல் சொன்னாள். என் வாசலில் இளநீர் குடித்த வாய்.

நான் கையை உதறினேன். சிங்களத்தில் அடுக்கி வைத்ததெல்லாம் மறந்துபோய், கடையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் கத்தினேன். "இந்த அட்டையில் இருப்பது நான். இதோ நிற்கிறாரே, இவர்தான் கடலில் செத்துப்போன என் கணவர். நன்றாகப் பாருங்கள். தொட்டும் பாருங்கள்."

என் மாப்பிள்ளை வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தார். ஒரு கிழவர் தலையில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒருத்தி சிரித்தாள். இன்னொருவன் எங்களை வீடியோ எடுக்கத் தொடங்கினான். அவனையும் ஏசினேன். இதையும் ஒரு கதையாகக் கொண்டுபோகப் பார்க்கிறாயா என்று கேட்டேன். அவனுக்கு விளங்கியதோ இல்லையோ, போனை இறக்கினான்.

அப்போதுதான் ராத்தா உள்ளே வந்தா. அவ வருவா என்று நான் நினைக்கவே இல்லை. நாங்கள் போவதைப் பின்வளவிலிருந்து பார்த்திருக்கிறா. கறுப்பு அபாயா, கையில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல். என்னையும் பார்க்கவில்லை, மிஸ்ஸையும் பார்க்கவில்லை. நேரே சுவருக்குப் போய் முதல் தொப்பியின் கயிற்றை வெட்டினா. அட்டை அவவுடைய கைக்குள் விழுந்தது. அடுத்ததை வெட்டினா. அவசரமே இல்லை. பிசகாமல் கண்ணி பின்னுகிற அதே நிதானம்.

"அவவை நிறுத்தச் சொல்லுங்கள்" என்றாள் மிஸ் என்னிடம். "இதெல்லாம் என்னுடைய சாமான். காசு கொடுத்து அச்சடித்தது. சொல்லுங்கள் அவவுக்கு."

"நான் இனி யாருக்கும் எதையும் மாத்திச் சொல்ல மாட்டேன்" என்றேன்.

மிஸ் ராத்தாவின் கையைப் பிடிக்கப் போனாள். ராத்தா திரும்பினா. அவவுக்குச் சிங்களம் சந்தையில் மீன் விற்கிற அளவுக்குத்தான் வரும். அந்த அளவிலேயே சொன்னா: "மகே மினிஹா. ஓயாகே நெவெய்." என்ட மனிசன், உன்னுடையவர் இல்லை.

மிஸ் கையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குள் கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான். சுவரில் இருந்ததை முடித்து, மேசையில் இருந்ததை முடித்து, பெட்டிக்குள் கட்டாமல் கிடந்த அட்டைகளையும் அள்ளி முக்காட்டின் முன்தொங்கலில் போட்டுக்கொண்டு வெளியே போனா. நாங்கள் பின்னால் போனோம். அவ எங்களுக்காக நிற்கவில்லை. வீட்டுக்குப் போய் அடுப்புக்குள் எல்லாவற்றையும் போட்டு எரித்துவிட்டாவாம். என் முகமும் சேர்ந்துதான் எரிந்தது. அதில் எனக்குக் கவலை இல்லை.

மிஸ்ஸின் தொப்பி வேலை எங்கள் இருவருக்கும் அன்றோடு நின்றது. அதைக்கூட நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது மற்ற மூன்று பெண்களையும்தான். என் அடுப்படியில் உட்கார்ந்து, என் கையைப் பார்த்துக் கண்ணி போடப் பழகினவர்கள். அடுத்த நாளே வந்து வாசலில் நின்று, "அட்டையில என்ன எழுதினா உனக்கென்ன? உனக்கு மாப்பிள்ள உழைக்கிறாரு. எங்கட வயித்தில ஏன் அடிக்கிற?" என்றார்கள். அதில் ஒருத்தி, "படத்தில வடிவா இருக்கணும் எண்டு நீதானே முன்னுக்குப் போய் நிண்ட" என்றாள். அது உண்மை என்பதால் இன்னும் சத்தமாக ஏசி அனுப்பினேன். இப்போது அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். வேலை அவர்களுக்கு வேண்டும். ஆனால் அன்றைக்கு எனக்கிருந்த கோபம் பொய் என்றும் சொல்ல மாட்டேன்.

மிஸ் ஒரு கிழமைக்குப் பிறகு போனில் குரல் செய்தி அனுப்பினாள். ஏதோ தவறான புரிதல், தனக்கு மனவருத்தம், எங்கள் சமூகத்தை மிகவும் மதிக்கிறாளாம். ஒரு இடத்திலும் 'நான் பொய் எழுதினேன்' என்று இல்லை. மாப்பிள்ளைக்கு அவளிடமிருந்து ஆட்கள் வருவதும் நின்றது. அவரோடு படகில் போக மாட்டேன் என்றவர் மட்டும் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இரண்டு பேரும் பழையபடி கடலுக்குப் போனார்கள்.

போன மாதம் நுரைச்சோலையில் கட்டிக்கொடுத்த என் மச்சாள் போனில் ஒரு படம் காட்டினாள். அந்தக் கடையின் பேஸ்புக் பக்கத்தில் வந்ததாம். என்னுடைய பேய்க்கணவாய்த் தொப்பி. நாற்பது சங்கிலி, ஒவ்வொன்றிலும் மூன்று கண்ணி, அதே சுருள். அதற்குக் கீழே பதினெட்டு வயதுகூட இராத ஒரு பிள்ளையின் முகம். எங்கள் ஊர்ப் பிள்ளை இல்லை. வாப்பாவைக் கடலில் பறிகொடுத்தவள் என்று எழுதியிருந்தது. உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையின் வாப்பா எங்கேயாவது வாடியில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டு இருக்கட்டும் என்று துஆக் கேட்டேன். கீழே கருத்து எழுதுகிற இடத்தில், உயிரோடு இருக்கிற என் மாப்பிள்ளையைச் சாகடித்த கடை இது என்று தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில், மூன்றிலும் எழுதினேன். பத்து நிமிடத்தில் அழித்துவிட்டார்கள். திரும்ப எழுதினேன். என்னைத் தடுத்துவிட்டார்கள். மச்சாளின் போனிலிருந்து எழுதினேன், அதையும் தடுத்துவிட்டார்கள். போனை எறியாமல் மச்சாளிடம் திருப்பிக் கொடுத்ததே பெரிய விசயம்.

ராத்தா மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. நோன்பு தொடங்குவதற்கு முதல் நாள் தானாக வேலியடிக்கு வந்து ஸலாம் சொன்னா. அழுதுவிட்டேன். இப்போது பழைய மாதிரி வருவா, போவா. கறி கொடுத்தால் வாங்குவா. அவவுடைய மகளுக்குப் பிள்ளை கிடைத்தபோது என்னைத்தான் கூப்பிட்டா, பிள்ளைக்கு வெள்ளைத் தொப்பி ஒன்று பின்னித் தரச் சொல்லி. பின்னிக் கொடுத்தேன்.

ஆனால் சில பின்னேரங்களில் இரண்டு பேரும் முற்றத்தில் இருக்கும்போது அவ எதையோ சொல்லத் தொடங்குவா. மகளைப் பற்றியோ, பழைய காலத்தைப் பற்றியோ. சொல்லிக்கொண்டே வந்து, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிடுவா. "ஒண்டுமில்ல" என்பா. மழை வருமா என்று கேட்பா. நானும் மழையைப் பற்றிக் கதைப்பேன். அந்தக் கடைக்காரி எங்களிடம் எடுத்ததில், அவ பாதியில் நிறுத்துகிற அந்தப் பேச்சுக்குத்தான் எனக்கு ஆறவே இல்லை. என் பங்கும் அதில் இருக்கிறது என்பதற்கும் ஆறவில்லை.